பாரமா வேகமா

என் வீட்டு முன்னறையில் சீருடை அணிந்த பொலிஸ்காரர் ஒருவர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த நாள்தான் லண்டனில் நான் தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்ட முதல் நாள். இதைச் சொன்னால் என் சொந்தக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே சுவரோடு இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியை அவர் கையால் உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு கதிரையில் வந்து அமர்ந்து, "உங்களுக்கு எதற்கு ரைஃபிள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மான் சுடுவதற்கு" என்றேன். நெற்றியில் பொட்டு வைத்த ஒருத்தியிடமிருந்து அந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊரில் துவக்கு என்பது எப்போதும் வேறு யாருடையதோதான். வேலிக்கு அப்பால் அது வெடிக்கும், நாங்கள் வீட்டுக்குள் குப்புறப் படுப்போம். அதை வைத்திருந்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, யாருக்கும் பதில் சொன்னதுமில்லை. எண்பதுகளின் நடுவில் படிக்கவென்று லண்டன் வந்தேன். பிறகு ஊரில் போர் முற்றி, திரும்பிப் போக வழியில்லாமல் போனது. கல்லூரி ஒன்றில் இரசாயன ஆய்வுகூட உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணமும் கட்டினேன். தொண்ணூறுகள் தொடங்கியபோது ஒரு துவக்குக்கு விண்ணப்பித்தேன். கேட்டு, காத்திருந்து, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, சட்டம் தலையாட்டிய பிறகுதான் வாங்கினேன். எனக்கு அதுதான் பெருமை, சுடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஆசை எப்படி வந்தது என்றால், கல்லூரியில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரி ஒருநாள் என்னைத் தன் ரைஃபிள் கழகத்துக்கு விருந்தாளியாகக் கூட்டிப் போனாள். கிழக்கு லண்டனில் ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே நீளமாக ஒரு குகை மாதிரி இருக்கும் இடம். மேலே ரயில் போனால் மேசையில் இருக்கும் கோப்பைகள் ஆடும். எனக்கு ஒரு சின்ன ரைஃபிளைத் தந்தார்கள். சுட்டேன். குறியட்டையின் நடுவில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. கழகச் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதற்கு முன் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "எதிர்ப்பக்கத்தில் நின்றுதான் பழக்கம்" என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நான் வாங்கியது லீவர் ரைஃபிள். விசைக்குக் கீழே கைப்பிடி போல ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த கோது துள்ளி வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் அதை வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழகத்தில் மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் தொலைநோக்கி பூட்டிய நீண்ட ரைஃபிள்காரர். என்னுடையதைக் கண்டால் "கவ்பாய் வந்துவிட்டார்" என்பார்கள். முதல் மாதம் பொறுத்தேன். இரண்டாம் மாதம், கவ்பாய் யார், மாடு யார் என்று கேட்டேன். அதன் பிறகு பகிடி கொஞ்சம் குறைந்தது.

அந்தக் கழகத்தில் இன்னொருவரிடமும் லீவர் ரைஃபிள் இருந்தது. பார்த்தால் அவரும் தமிழர். மலேசியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்து, இங்கேயே வேலை கிடைத்து, அப்டன் பார்க்கில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எந்நேரமும் மலர்ந்த முகம், ஒருநாளும் அவசரப்படமாட்டார், பேச்சின் முடிவில் மலேசியாக்காரரின் 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டாவது வாரத்திலேயே அவர் அண்ணையாகிவிட்டார். அடுத்த வாரமே சண்டையும் தொடங்கிவிட்டது.

சண்டை தோட்டாவைப் பற்றி. இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் உள்ளதன் பின்புறத்தைத் தொடும். வெடிக்க வைக்கும் மூடி இருப்பது அந்தப் பின்புறத்தில்தான். சன்னத்தின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் ஈயத் தலையின், மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் முன்னால் இருப்பதைக் குத்தி வெடிக்கச் செய்துவிடும். ஆகவே எங்களுக்கு மூக்குச் சப்பையான தோட்டாதான். கடையில் அது இரண்டே வகை. ஒன்றில் சன்னம் இலேசானது, வேகமாகப் போகும். மற்றதில் சன்னம் பாரமானது, ஆறுதலாகப் போகும். அண்ணை இலேசானதன் கட்சி. நான் பாரத்தின் கட்சி.

ஒரு சனிக்கிழமை கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடைக்குள்ளேயே இது பற்றி எரிந்தது. நான் ஒரு தேங்காயைத் தூக்கிக் காட்டினேன்.

"அண்ணை, இதாலை எறிஞ்சா நோகுமா, எலுமிச்சம்பழத்தாலை எறிஞ்சா நோகுமா? சொல்லுங்கோ."

"யார் எறியறாங்கன்னு பாக்கணும்மா" என்றார் அவர், எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே. "நீ தேங்காயை எறிஞ்சா என் கால்கிட்ட வந்து விழும். இதை ஒரு கிரிக்கெட் பௌலர் எறிஞ்சா நான் ஆஸ்பத்திரி லா."

"எங்கடை குழல் கட்டை. கட்டைக் குழலிலை குறையிறது வேகம்தான். பாரம் குறையாது. அது எங்கை போகும்?"

"எடை குறையாது, ஒத்துக்கிறேன். ஆனா அடிக்கிற வலுவைக் கணக்குப் போட்டா வேகத்தை ரெண்டு தடவை பெருக்கணும். அதை மறந்துட்டியே."

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "அக்கா, நீங்கள் வாங்கப் போறியளா, எறியப் போறியளா?" என்று கேட்டார். தேங்காயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாததல்ல. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஆனால் நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன், அது என் பிறவிக் குணம். ஒரு வருடம் முழுக்க நான் பாரத்தை விடவில்லை. அண்ணை எத்தனை முறை சிரித்துக்கொண்டே விளக்கினாரோ, அத்தனை முறை எனக்கு ஆத்திரம் கூடியது.

வாய்ச்சண்டையாக இருந்தது வினையானது ஒரு தை மாதத்தில். சசெக்ஸ் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காட்டில் மான் பெருகி இளமரங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. குளிர்கால முடிவுக்குள் பெண்மான்களைக் குறைக்க, எங்கள் கழகத்திலிருந்து சிலரை அழைத்துப் போக அந்தக் காட்டுக் காவலர் சம்மதித்தார். நான் துள்ளிக் குதித்தேன். செயலாளர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மான் சுடும் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது இவ்வளவு வலு இருக்க வேண்டும் என்று சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் வலு நீண்ட குழலில் அளந்தது. எங்கள் குட்டைக் குழலில் அந்தக் கோட்டைத் தாண்டுமா என்பது அவருக்குச் சந்தேகம்.

"ஞாயிற்றுக்கிழமை சரேயில் வெளியில் சுடும் ரேஞ்சுக்கு வாருங்கள். வேகம் அளக்கும் கருவி கொண்டுவருகிறேன். கோட்டைத் தாண்டினால் போகலாம். தாண்டாவிட்டால் மன்னிக்க வேண்டும்."

எனக்கு அது ஒரு மான் வேட்டை போவது மட்டுமல்ல. என் அனுமதிப்பத்திரம் மான் சுட என்ற காரணத்துக்காகத்தான் தரப்பட்டது. புதுப்பிக்கும் நேரம் அந்த வசந்தத்தில் வந்துகொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு மானைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது துவக்கே மானுக்குச் சட்டப்படி போதாது என்று ஆகிவிட்டால், அதை வைத்திருக்க எனக்கு ஒரு காரணமும் மிஞ்சாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்து அதை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். இதை விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த ஞாயிறு விடிந்தபோது யன்னல் கண்ணாடியில் உள்ளேயே பனி பூத்திருந்தது. என் கணவர் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவர் சுத்த சைவம், எறும்பைக்கூட ஊதி விலத்துகிற மனிதர். ரேஞ்சில் பன்றி இறைச்சி வைத்த பாண் சாண்ட்விச்சைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று நான் ஒருமுறை சொன்னதிலிருந்து, நான் எங்கே சுடப் போனாலும் சாப்பாடு கட்டித் தருவது அவர் வேலை.

"இஞ்சாரும், மான் அடிக்கப் போற ஆக்களுக்குப் புட்டு அவிச்ச பாவம் எனக்குத்தான் வரும்" என்றார், ஆவி பறக்கும் புட்டையும் சம்பலையும் வெள்ளித்தாளில் சுற்றி, அதன் மேல் துவாயையும் சுற்றியபடி.

"இண்டைக்கு மான் இல்லை, கடதாசிதான். கடதாசிக்குப் பாவம் இல்லை. தாங்கோ."

எங்களிடம் பக்கமெல்லாம் தடித்த, உள்ளே குளிர் காக்கும் ஒரு பை இருந்தது. இழுத்து மூடும் சிப்பில் சின்னப் பூட்டுப் போடலாம். தோட்டாத் தகரத்தைப் பூட்டாமல் கொண்டுபோகக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் அதை அந்தப் பையின் அடியில் வைத்தேன். மேலே புட்டுப் பொட்டலம் கச்சிதமாக உட்கார்ந்தது. பூட்டினேன். எவ்வளவு நேர்த்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அண்ணை கார் கொண்டுவந்தார். அவருடைய தோட்டா முதல்நாள் மாலையே காரின் பின்பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டு, இரவு முழுக்க வாசலில் விறைத்துக் கிடந்திருந்தது. அதையும் அவர் ஒழுங்கு என்றுதான் சொன்னார்.

சரே ரேஞ்சில் எங்களுக்கு மேசை கிடைத்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது, அப்போதும் புல்லெல்லாம் வெள்ளை. மூச்சு விட்டால் புகை. செயலாளர் சுடும் மேசைக்கு முன்னால் முக்காலி ஒன்றை நட்டு, அதன் மேல் கருவியை வைத்தார். மேலே திறந்த இரண்டு சின்னக் கண்கள் அதில் இருந்தன. சன்னம் மேலே பறக்கும்போது அதன் நிழல் முதல் கண்ணிலும் பிறகு இரண்டாம் கண்ணிலும் விழும், இடையில் எடுத்த நேரத்தை வைத்து அது வேகத்தைச் சொல்லும். வானத்து வெளிச்சம் போதாவிட்டால் அதற்குக் கண் தெரியாது. "பின்னேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும்" என்றார். மேசைக்குப் பின்னால் திறந்திருந்த குடிசைக்குள் தொங்கிய கரும்பலகையில் சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். அதுதான் சட்டம். மூன்று சூடும் கோட்டுக்கு மேலே விழுந்தால் தேறியது, கீழே விழுந்தால் இல்லை.

அண்ணை முதலில் சுட்டார். இலேசான தோட்டா. செயலாளர் கால்குலேட்டரைத் தட்டி, பலகையில் புள்ளி வைத்தார். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அடுத்ததும் கீழே. அதற்கடுத்ததும் கீழே. அண்ணையின் சிரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது.

என் முறை. பூட்டைத் திறந்து பொட்டலத்தை ஒதுக்கித் தகரத்தை எடுத்தேன். உள்ளேயிருந்து நேரே எடுத்து நிரப்பினேன். கருவிக்கு மேலால் குறிபார்த்து அழுத்தினேன். தோளில் ஒரு நல்ல உதை. லீவரைத் தள்ளி இழுத்தேன், கோது மினுங்கிக்கொண்டு பறந்தது. இன்னொன்று. இன்னொன்று. செயலாளர் கால்குலேட்டரைத் தட்டினார், புருவத்தைத் தூக்கினார், மறுபடி தட்டினார். புள்ளி கோட்டுக்கு மேலே! எல்லாமே மேலே!

நான் கத்தினேன். அந்த ரேஞ்சில் அப்படி யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். சப்பாத்தோடு பனிப்புல்லில் ஒரு சுற்றுச் சுற்றினேன். "பாரம் அண்ணை, பாரம்! நான் எத்தினை தரம் சொன்னனான்! தேங்காய் வெண்டிட்டுது!" ஒரு வருடத்து ஆத்திரமெல்லாம் சந்தோஷமாகப் பொங்கிக்கொண்டு வந்தது. செயலாளர் பலகையில் என்னைக் குறித்த இடத்தில் ஒரு சரிக்குறி போட்டார். அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய மனசுதான் அவருக்கு.

"உன் தோட்டா கொஞ்சம் கொடும்மா, என் ரைஃபிள்ல போட்டுப் பாக்கறேன். நானும் வர ஆசைப்படறேன் இல்ல?"

கொஞ்சத்தை எண்ணாமல் மேசையில் கொட்டினேன். அந்நேரம் பார்த்து அடுத்த மேசைக்காரர்கள் அட்டை மாற்ற முன்னால் போக வேண்டும் என்றார்கள். எல்லோரும் துவக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். தோட்டாக்களும் பனிபிடித்த மேசையில் காத்திருந்தன. பிறகு அண்ணை சுட்டார். கோட்டுக்குக் கீழே. நன்றாகவே கீழே.

"உங்கடை குழல் சரியில்லை அண்ணை" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மேசையில் மிஞ்சியதை என் துவக்கில் போட்டு, வெற்றிக் கொண்டாட்டமாக நானும் சுட்டேன். செயலாளர் சொன்ன வேகத்தைக் கேட்டு எனக்குத் திக்கென்றது. கீழே. தகரத்திலிருந்து ஒன்றை எடுத்துச் சுட்டேன். மேலே. ஒரே பெட்டி, ஒரே துவக்கு, ஒரே ஆள்.

தகரத்துக்குள் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். இளஞ்சூடு. காய்ச்சல்காரரின் நெற்றி போல இருந்தது. முகர்ந்தேன். தேங்காய்ப்பூவும் அவித்த மாவும் மணத்தது.

புட்டு! வரும் வழியெல்லாம் அந்தப் பைக்குள் புட்டுக்குக் கீழே என் தோட்டாக்கள் வெந்துகொண்டு வந்திருக்கின்றன. சூடான வெடிமருந்து வேகமாக எரியும், குளிர்ந்தது மந்தமாக எரியும். இதைப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து காட்டுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் தேங்காயை வெல்ல வைத்தது பாரமல்ல, என் கணவர் புட்டு அவித்த நீத்துப்பெட்டி. அண்ணையின் எலுமிச்சம்பழமோ இரவெல்லாம் பனியில் விறைத்து வந்து தோற்றிருக்கிறது.

செயலாளர் குடிசைக்குள் எனக்காகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணை தன் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பலகையில் என் சரி வெள்ளையாக நின்றது. வாயை மூடிக்கொண்டு தோட்டாவைத் தகரத்தில் போட்டு மூடினால் துவக்கு என்னுடையது. ஒரு மூச்சு நேரம் நான் அப்படியே நின்றேன். ஆசையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் பதில் சொல்லாத துவக்கு வேண்டாம் என்றுதானே நான் இவ்வளவு அலைந்தேன். இதை மறைத்தால் என் கையில் இருப்பதும் அந்த மாதிரி ஒன்றுதான். எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது, பை மேல், புட்டு மேல், என் நேர்த்தி மேல்.

"அந்தச் சரியை அழியுங்கள்" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

விளக்கிச் சொல்லச் சொல்லச் செயலாளர் வாயைத் திறந்தபடி கேட்டார். பைக்குள் கைவிட்டுத் துவாயைத் தொட்டுப் பார்த்தார். "எவ்வளவு நேரமாக இது சூடாக இருக்கிறது?" என்று புட்டைப் பற்றித்தான் அதிசயப்பட்டார். பிறகு தாடையைத் தடவி, "சட்டம் வெப்பநிலை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். எனக்கு ஒரு வழி திறந்து விடுகிறார் என்று புரிந்தது. நல்ல மனிதர்.

"விடிகாலைக் காட்டில் மானுக்கு முன்னால் புட்டுப் பையோடு நிற்கவா? குளிர்ந்த தோட்டாவால் அரைகுறையாக அடிபட்டு அது ஓடினால்?" என்று கேட்டேன். அவர் பலகையிடம் போனார். பிறகு சட்டைக் கையால் சரியை அழித்தார்.

"இரண்டு பெட்டியும் குடிசைக்குள் இந்த மேசையில் ஒரு மணி நேரம் இருக்கட்டும். அடுப்புக்குக் கிட்டவும் வேண்டாம், வெளியிலும் வேண்டாம். காட்டில் அதைச் சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொண்டு போவீர்கள், இது கிட்டத்தட்ட அந்தச் சூடு. அதற்குப் பிறகு வெளிச்சம் இருந்தால் அளப்போம்."

வெளிச்சம் இருந்தால்! யன்னலுக்கு வெளியே சூரியன் ஏற்கெனவே பைன் மரங்களின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அண்ணை அமைதியாகப் பொட்டலத்தை அவிழ்த்து, செயலாளருக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். சம்பலைத் தின்ற செயலாளருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் மறுபடி கேட்டார். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை.

"நீ சொல்லாம விட்டிருக்கலாம்" என்றார் அண்ணை மெதுவாக.

"ஏலாது அண்ணை. சொல்லாட்டி எனக்கு வெடிச்சிருக்கும்."

"தெரியும்மா. அதான் உன்கூட ஒரு வருஷமா சண்டை போடறேன்."

நேரமானது. அண்ணை இலேசான தோட்டாவை நிரப்பிச் சுட்டார். நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே. மேலே. மேலே. அவர் தேறிவிட்டார், எனக்குச் சந்தோஷம்தான். என் பாரத்தோட்டாவைப் போட்டுச் சுட்டேன். கீழே. ஒரு நகக்கண் அளவு கீழே. மறுபடி சுட்டேன், மறுபடி அதே நகக்கண். செயலாளர் சோக்கட்டியை வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார்.

அண்ணை தன் பெட்டியை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"வேண்டாம்" என்றேன். "உங்கடை தோட்டாவிலை நான் தேற வேண்டாம்."

"உனக்குத் துப்பாக்கி வேணுமா, வாதம் வேணுமா? சீக்கிரம் சொல்லு, வெளிச்சம் போகுது."

அந்த மனிதரை நான் முறைத்தேன். பிறகு பெட்டியைப் பறித்தேன். விரல் விறைத்து ஒரு தோட்டா கீழே விழுந்தது, அதை விட்டுவிட்டு மற்றதை நிரப்பினேன். வானம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. குறிபார்த்து அழுத்தினேன்.

"கருவி படிக்கவில்லை" என்றார் செயலாளர். கருவிக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது.

லீவரைத் தள்ளினேன், இழுத்தேன். சுட்டேன். "படித்தது!" கால்குலேட்டர் சத்தம். "மேலே!" இன்னொன்று. "படிக்கவில்லை." மேற்கே மேகம் கொஞ்சம் விலகட்டும், ஒரு நிமிடம் விலகட்டும் என்று கதிர்காமக் கந்தனிலிருந்து ஈஸ்ட் ஹாமில் கும்பிடும் அம்மன் வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டேன். சுட்டேன். "மேலே!" மூன்றுக்கு இன்னும் ஒன்று வேண்டும். குழாயில் கடைசித் தோட்டா. என் இதயம் காது மூடிகளுக்குள் அடித்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன், விசையை அழுத்தினேன்.

வெடித்தது. செயலாளர் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, குடிசைக்குப் போய்க் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தார். சோக்கட்டி உடைந்தது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கெல்லாம் ஒழுக, அத்தனை வெள்ளைக்காரருக்கும் முன்னால் அழுதேன். அண்ணை காது மூடியோடு என் அருகில் நின்றார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணை. வேகம்தான்."

"என்னம்மா? காது கேக்கல."

"வேகம்தான் எண்டு சொன்னனான்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லேன் லா."

"நான் தோத்துப் போனன்!" என்று கத்தினேன். ரேஞ்சின் கடைசி மேசைக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் தோத்துப் போனன் அண்ணை!" சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. துவக்கை உறையில் போட்டு, அண்ணை நீட்டிய கையைத் தட்டிவிட்டு, நானே தோளில் மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தேன்.